இரண்டு தேர்வுக்கு மூன்று கட்டணம்: ஒரு ஏ பிளஸ் தேர்வரின் நிகழ்வு ஆய்வு

ஐடி துறைச் சான்றிதழ்களை வழங்கும் காம்ப்டியா அமைப்பின் ஏ பிளஸ் சான்றிதழுக்குப் படிக்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது “மொத்தம் எவ்வளவு ஆகும்?” என்றுதான். நியாயமான கேள்வி. கட்டணம் எவ்வளவு என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எந்தப் பணத்தை எப்போது கட்டுவது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை, காசு போவதும் அங்கேதான். இந்த ஆய்வில் வரும் தேர்வர் நன்றாகப் படித்தவர், கடைசியில் பாஸும் ஆனவர். அப்படியும் தேவைக்கு மேல் ஒரு கட்டணம் அதிகமாகக் கட்டினார், கையில் வந்திருக்க வேண்டிய இன்னொரு தொகையையும் இழந்தார். இரண்டும் எப்படி நடந்தன என்று விவரமாக எழுதுவது அடுத்து எழுதப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால், அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டும் விவரங்கள் எதுவும் இதில் இல்லை.

கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும், ஆண்டுக்கு ஆண்டு ஏறும். அதனால் தொகையைச் சொல்லாமல், ஒரு தேர்வுக்கான கட்டணத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். எந்த ஊரில் இருந்தாலும் கணக்கு பொருந்தும்.

தேர்வின் அமைப்பு

ஏ பிளஸ் 1993இல் தொடங்கியது. கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பு, பயனர் உதவி, ஹெல்ப் டெஸ்க் வேலைகளுக்கான நுழைவுநிலைச் சான்றிதழ் இது. கோர் 1, கோர் 2 என்று இரண்டு தேர்வுகள். இரண்டையும் பாஸ் செய்தால்தான் சான்றிதழ். ஒன்றை மட்டும் பாஸ் செய்தால் பாதிச் சான்றிதழ் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வவுச்சர் (கட்டணம் கட்டியதும் கிடைக்கும், தேர்வுக்குப் பதிவு செய்ய உதவும் சீட்டு), தனித்தனிக் கட்டணம்.

ஒரு தேர்வுக்கு 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். பெரும்பாலானவை கொடுத்த விடைகளில் தேர்ந்தெடுப்பவை. சில கேள்விகள் செய்முறை சார்ந்தவை: திரையில் ஒரு சூழ்நிலையைக் கொடுத்து, ஒயர்லெஸ் ரூட்டரை அமைக்கச் சொல்லும், அல்லது எந்தக் கட்டளையை எங்கே கொடுப்பது என்று செய்து காட்டச் சொல்லும். ஸ்கோர் 100 முதல் 900 வரையிலான அளவில் வரும். கோர் 1க்கு 675, கோர் 2க்கு 700 எடுத்தால் பாஸ். இது சதவீதம் இல்லை. 900க்கு 675 என்றால் முக்கால்வாசிக் கேள்விக்குச் சரியான விடை என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அப்படி நேராக மாற்ற முடியாது.

இன்னொரு விஷயம் இந்த நிகழ்வுக்கு முக்கியம். ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்வின் பதிப்பு மாறும். 220-1101, 220-1102 என்ற பதிப்பு 2022 ஏப்ரலில் வந்தது. அடுத்த பதிப்பான 220-1201, 220-1202 ஆகியவை 2025 மார்ச் 25 அன்று வந்தன. பழைய பதிப்பு 2025 செப்டம்பர் 25 அன்று மூடப்பட்டது. பழைய கோர் 1ஐயும் புதிய கோர் 2ஐயும் சேர்த்துச் சான்றிதழ் வாங்க முடியாது. இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும்.

தேர்வர்

முப்பதைத் தொடப்போகும் பெண். ஓர் அலுவலகத்தில் நிர்வாகப் பணி. ஆனால் பிரிண்டர் நின்றால், யாருக்காவது லாகின் ஆகவில்லை என்றால், புதிதாகச் சேர்ந்தவருக்கு மெயில் அமைக்க வேண்டும் என்றால் எல்லோரும் அவர் மேசைக்குத்தான் வருவார்கள். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது, ஆனால் அதற்கான பதவிப் பெயர் இல்லை. ஐடி சப்போர்ட் பணிக்கு விண்ணப்பித்தபோதெல்லாம் அனுபவச் சான்று கேட்டார்கள். “அக்கா, நான் செய்யுற வேலைக்குக் காகிதம் இல்ல. அந்தக் காகிதம்தான் எனக்கு வேணும்” என்றார். நான் சப்போர்ட் பணியில் பல காலமாக இருப்பவள், புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள். ஏ பிளஸ் இவருக்குப் பொருத்தமானது என்றுதான் எனக்கும் தோன்றியது. காம்ப்டியாவே சுமார் ஓராண்டு நேரடி அனுபவம் உள்ளவரை மனதில் வைத்துத்தான் தேர்வை அமைக்கிறது. இவருக்கு அந்த அனுபவம் இருந்தது, பெயர்தான் இல்லை.

எல்லோருக்கும் இதையே சொல்லமாட்டேன். கம்ப்யூட்டரைத் திறந்தே பார்க்காதவர், இந்தத் துறை தனக்குப் பிடிக்குமா என்றே தெரியாதவர், எடுத்த எடுப்பில் இரண்டு தேர்வுக் கட்டணத்தைப் பணயம் வைக்க வேண்டாம். காம்ப்டியாவின் டெக் பிளஸ் ஒரே தேர்வு. கோர்செராவில் கூகுளின் ஐடி சப்போர்ட் பாடம் மாதச் சந்தா முறையில் இருக்கிறது. தேர்வு மையக் கட்டணமே அதில் இல்லை. அங்கே தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.

ஜனவரியில் கட்டிய பணம்

2025 ஜனவரியில், ஒரு பாடம்கூடப் படிக்காத நிலையில், அவர் கோர் 1 வவுச்சரை வாங்கிவிட்டார். காசைக் கட்டிவிட்டால் படித்துத்தானே ஆக வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இந்த எண்ணம் பரவலானது. சிலருக்கு வேலையும் செய்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வவுச்சர் வாங்குவதும் தேதி குறிப்பதும் வேறுவேறு. வவுச்சர் வாங்கிய நாளிலிருந்து 12 மாதம் செல்லும். அதைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓராண்டு இருக்கலாம். நம்மைப் படிக்க வைப்பது தேர்வுத் தேதி. அந்தத் தேதியை வவுச்சர் தானாகக் குறித்துக்கொடுக்காது. இவரும் அப்படித்தான்: ஜனவரியில் பணம் கட்டினார், தேதி குறித்ததோ மே மாதத்தில். நடுவில் இருந்த மாதங்களில் அந்த வவுச்சர் அவரை ஒருநாளும் அதட்டவில்லை. நெருக்கடி வேண்டும் என்று கட்டிய பணம் நெருக்கடியைக் கொடுக்கவில்லை.

இழப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. அவருடைய அலுவலகத்தில், வேலைக்குத் தொடர்புள்ள சான்றிதழுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரும் விதி இருந்தது. இரண்டு நிபந்தனைகள்: பணம் கட்டும் முன் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், பாஸ் ஆன பிறகே தொகை வரும். அப்படி ஒரு விதி இருப்பதே அவருக்கு மார்ச்சில்தான் தெரிந்தது. கோர் 1 ரசீதில் ஜனவரி தேதி. மனிதவளப் பிரிவினர் அதை ஏற்கவில்லை. விதி அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது என்பதால் வாதாட இடமில்லை. ஒரு முழுக் கட்டணம் அங்கேயே போனது.

இப்படிப்பட்ட உதவிகள் பல இடங்களில் இருக்கின்றன: வேலை கொடுப்பவர் தருவது, வேலைவாய்ப்புத் திட்டங்கள் தருவது, மாணவர்களுக்குக் காம்ப்டியாவின் கல்விக் கடையில் கிடைக்கும் தள்ளுபடி. இவற்றில் பெரும்பாலானவை முன்கூட்டியே கேட்பவருக்குத்தான். கட்டிவிட்டுக் கேட்டால் கதவு மூடியிருக்கும். அதனால் முதல் வேலை, இந்தக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டுவது. அதற்குக் காசே வேண்டாம்.

வவுச்சரை மலிவாக விற்கிறோம் என்று சொல்லும் மூன்றாம் ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிகாரபூர்வப் பங்குதாரர்கள் தள்ளுபடியில் விற்பது உண்டு, அதில் தவறில்லை. ஆனால் வவுச்சர் வாங்கிய நாட்டோடு கட்டுப்பட்டது. வேறு நாட்டில் குறைந்த விலைக்கு வாங்கி இங்கே பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். காலாவதியான வவுச்சருக்கு நீட்டிப்பும் கிடையாது, பணமும் திரும்பாது.

மார்ச்: பழைய பதிப்பா, புதியதா?

புதிய பதிப்பு வெளிவந்த வாரத்தில் அவர் பதறிப்போனார். படித்ததெல்லாம் வீணா என்ற பயம். இரண்டு சிலபஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பெரும்பகுதி ஒன்றே. புதிய கோர் 2இல் செயற்கை நுண்ணறிவு பற்றிய அடிப்படைகள் சேர்ந்திருந்தன, பாதுகாப்புப் பகுதியின் எடை, அதாவது தேர்வில் அதன் பங்கு, 25லிருந்து 28 சதவீதமாக ஏறியிருந்தது. கோர் 1இல் நெட்வொர்க்கிங் 20லிருந்து 23 ஆனது. தலைகீழ் மாற்றம் எதுவும் இல்லை.

பழைய பதிப்பில் தொடர்வதன் லாபம், மூன்று ஆண்டுகளில் அதற்கான பாடங்களும் பயிற்சித் தேர்வுகளும் நிறையச் சேர்ந்திருந்தன, அவற்றில் பல இலவசம். நஷ்டம், செப்டம்பர் 25 என்ற சுவர். மே முடிவதற்குள் கோர் 1 முடிந்தால் பழையதிலேயே போகலாம், கோர் 2க்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் கிடைக்கும். மே தாண்டினால் தயங்காமல் புதியதுக்கு மாறிவிட வேண்டும் என்று சொன்னேன். ஒத்துக்கொண்டார். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன், ஆனால் அதில் தோல்விக்கான இடைவெளி எவ்வளவு குறுகல் என்பது ஆகஸ்டில்தான் உறைத்தது.

படித்த விதம்

செலவைப் பொறுத்தவரை படிப்புப் பகுதியில் அவர் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டார். முதல் ஆவணம் காம்ப்டியா இலவசமாகத் தரும் சிலபஸ். அதை அச்செடுத்து, ஒவ்வொரு வரியையும் “தெரியும்”, “கேள்விப்பட்டிருக்கிறேன்”, “தெரியாது” என்று பென்சிலில் குறித்தார். புரொஃபெசர் மெஸ்ஸர் என்று அறியப்படும் ஜேம்ஸ் மெஸ்ஸரின் முழுப் பாட வீடியோக்களும் யூடியூபில் இலவசம், சிலபஸின் வரிசையிலேயே இருப்பவை. அதுதான் அவருடைய முதன்மைப் பாடம். காசு கொடுத்தது ஒரே ஒரு பயிற்சித் தேர்வுத் தொகுப்புக்கு. அது ஒரு தேர்வுக் கட்டணத்தில் சிறு பகுதிதான். பாடம், ஆய்வகம், வவுச்சர் எல்லாம் சேர்ந்த பெரிய தொகுப்பை வாங்கலாமா என்று ஒருமுறை கேட்டார். அது தனி வவுச்சரின் விலையைவிட மிக அதிகம். இலவசப் பாடம் ஒத்துவராதவருக்கு அது பயன்படலாம். இவருக்கு ஒத்துவந்திருந்தது, வேண்டாம் என்றேன்.

ஹார்டுவேர் பகுதிக்கு அலுவலகத்தில் தூக்கிப்போட இருந்த ஒரு பழைய டெஸ்க்டாப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கழற்றி, மாட்டி, ரேமை வேண்டுமென்றே தளர்வாக வைத்து என்ன சத்தம் வருகிறது என்று கேட்டு, பவர் சப்ளையை மாற்றி மாட்டி, அந்த மேசையிலேயே பாதிப் பாடம் முடிந்தது. அவர் எழுதிய பழைய பதிப்பின் கோர் 1இல் அதிக எடை கொண்டிருந்தது ஹார்டுவேர் மற்றும் நெட்வொர்க் டிரபிள்ஷூட்டிங், 29 சதவீதம். அடுத்தது ஹார்டுவேர், 25. உதிரிபாகத்தின் பெயரை மட்டும் படித்தவர் இந்த 29இல் தடுமாறுவார். லேசர் பிரிண்டரில் காகிதத்தில் மை ஒட்டாமல் தூள் தூளாக உதிர்கிறது என்றால் எந்தப் பகுதி பழுது என்று கேட்பார்கள். சூடாக்கி ஒட்டவைக்கும் ஃபியூசரின் வேலை என்ன என்பதை ஒருமுறை புரிந்துகொண்டவருக்கு அது அரை நிமிடக் கேள்வி. பிரிண்டரோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவர் என்பதால் இந்தப் பகுதியில் அவர் எனக்கே சில விஷயங்களைச் சொன்னார்.

மனப்பாடமும் தேவைப்படும், அதைத் தவிர்க்க முடியாது. ஒவ்வொரு நெட்வொர்க் சேவைக்கும் உரிய போர்ட் எண்கள் ஓர் உதாரணம்: 22 எஸ்எஸ்ஹெச், 53 டிஎன்எஸ், 443 ஹெச்டிடிபிஎஸ், 3389 ரிமோட் டெஸ்க்டாப் என்று போகும் பட்டியல். வைஃபை தரங்களான 802.11 வகைகள், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு முறையில் 0, 1, 5, 10இன் வேறுபாடுகள், இணைப்பான் வகைகள். இவற்றைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பார்ப்பதுதான் வழி. தேர்வுக்கு முந்தைய வாரம் மொத்தமாக விழுங்கினால் தங்காது.

பயிற்சித் தேர்வில்தான் ஒரு பொறி இருக்கிறது. ஒரே தேர்வை மூன்றாம் முறை எழுதும்போது 90 சதவீதத்துக்கு மேல் வரும். பாடம் தெரிந்ததால் வருகிறதா, கேள்வி ஞாபகம் இருப்பதால் வருகிறதா என்று அந்த எண் சொல்லாது. இதற்கு முன் பார்த்தே இராத ஒரு தேர்வில் முதல் முறையிலேயே எவ்வளவு வந்தது என்பது மட்டும்தான் நம்பக்கூடிய அளவு. என் வழக்கம், அப்படிப்பட்ட புதிய தேர்வுகளில் தொடர்ந்து 80, 85 சதவீதம் வந்தால் தேதி குறிக்கச் சொல்வது. இதற்காகவே தொகுப்பில் ஒன்றிரண்டு தேர்வுகளைத் தொடாமல் கடைசிக்கு வைத்திருக்க வேண்டும். கோர் 1க்கு அவர் இதைச் செய்தார்.

நடுவில் ஒருவர், “நிஜத் தேர்வுல வந்த கேள்விகள் என்கிட்ட இருக்கு, சும்மா கொஞ்சம் காசு குடு” என்று அணுகியிருக்கிறார். டம்ப் என்று சொல்லப்படுவது இதுதான். அதை வாங்கக்கூடாது என்பதற்கு ஒழுக்கம் ஒரு காரணம், அது போதுமான காரணம். கூடவே தேர்வர் ஒப்பந்தமும் அதைத் தடைசெய்கிறது. பிடிபட்டால் ஸ்கோரும் சான்றிதழும் ரத்தாகும், மறுபடி எழுத விடாமலும் தடுக்கலாம். கட்டிய மொத்தக் கட்டணத்தையும் பணயம் வைக்கிற காரியம். அவர் வாங்கவில்லை.

கோர் 1

மே கடைசி வாரத்தில் எழுதினார். ஸ்கோர் 712. பாஸ்.

வீட்டிலிருந்தே, தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் ஆன்லைன் முறையில் எழுதினார். அந்த முறைக்குச் சில கெடுபிடிகள் உண்டு: மேசையில் காகிதம் பேனா கூடாது, அறையைப் படம்பிடித்துக் காட்ட வேண்டும், வேறு யாரும் உள்ளே வரக்கூடாது, கேள்வியை வாய்விட்டுப் படித்தாலே எச்சரிப்பார்கள். அவருக்கு முணுமுணுத்துப் படிக்கும் பழக்கம். தேர்வு முழுக்க உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன் என்றார். கோர் 2க்கு மையத்துக்கே போய்விட்டார். வீட்டில் அமைதியும் நிலையான இணையமும் உறுதியில்லாதவருக்கு மையம்தான் நல்லது, கட்டணம் ஒன்றுதான். எந்த முறையானாலும், பதிவுக் கணக்கில் உள்ள பெயர் அடையாள அட்டையில் உள்ளதோடு பொருந்த வேண்டும். முதலெழுத்தை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதியிருப்பவர்கள் இதை முன்கூட்டியே சரிசெய்துகொள்ளுங்கள். பெயர் பொருந்தாமல் திருப்பி அனுப்பினால் கட்டணம் போனதுதான்.

கோர் 2: தோல்வி

ஜூலை கடைசிக்குத் தேதி குறித்திருந்தார். அலுவலகத்தில் வேலை நெருக்கியதால் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்குத் தள்ளினார். 24 மணி நேரத்துக்கு முன்பே தள்ளியதால் பண இழப்பு இல்லை. எழுதினார். ஸ்கோர் 684. கோர் 1ஆக இருந்தால் பாஸ் ஆகியிருக்கும் எண். கோர் 2க்கு 700 வேண்டும்.

ஏன் என்று உட்கார்ந்து பார்த்தோம். தேர்வு முடிந்ததும் வரும் ஸ்கோர் அறிக்கையில் எந்தெந்தக் கேள்வி தவறு என்று இருக்காது. சிலபஸின் எந்தெந்தத் தலைப்புகளில் தவறவிட்டோம் என்று இருக்கும். இதைப் பலர் வருத்தத்தில் மடித்து வைத்துவிடுகிறார்கள். தோற்ற தேர்வுக்குக் கட்டிய கட்டணத்தில் திரும்பக் கிடைக்கும் ஒரே பொருள் அந்தத் தாள்தான்.

அவர் எழுதிய கோர் 2இல் (220-1102) நான்கு பகுதிகள்: ஆபரேட்டிங் சிஸ்டம் 31 சதவீதம், பாதுகாப்பு 25, சாஃப்ட்வேர் டிரபிள்ஷூட்டிங் 22, பணி நடைமுறைகள் 22. அறிக்கையில் இருந்த தலைப்புகளை இவற்றின் கீழ் பிரித்து அடுக்கியதும் மூன்று காரணங்கள் தெரிந்தன.

முதலாவது பணி நடைமுறைகள். மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்குவது, ஆவணப்படுத்துவது, பேக்கப் சுழற்சி, நிலைமின்சாரத்திலிருந்து உதிரிபாகங்களைக் காப்பது, சட்டவிரோதமான ஏதாவது கண்ணில் பட்டால் ஆதாரத்தைச் சிதைக்காமல் கைமாற்றுவது, கோபமாக இருக்கும் பயனரிடம் பேசுவது. இதெல்லாம் பொது அறிவுதானே என்று ஒரே நாளில் புரட்டிவிட்டிருந்தார். பொது அறிவால் பார்த்தால் இரண்டு விடைகள் சரியாகத் தெரியும். காம்ப்டியா எதை முதலில் செய்யச் சொல்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒன்று சரி. தீம்பொருளை நீக்கும் நடைமுறையிலும் இதே கதை. நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைப்பதற்கு முன் ஸ்கேன் ஓட்டினால் தவறு. சிஸ்டம் ரெஸ்டோரை நிறுத்தாமல் சுத்தம் செய்தாலும் தவறு. பழைய மீட்புப் புள்ளிக்குள் தீம்பொருள் உட்கார்ந்திருக்கலாம், அதனால்தான் அந்த வரிசை. காரணத்தோடு படித்திருந்தால் வரிசை மறந்திருக்காது.

இரண்டாவது, விண்டோஸ் தினமும் பயன்படுத்துகிறோம் என்ற நம்பிக்கை. பயன்படுத்துவது வேறு, நிர்வகிப்பது வேறு. விண்டோஸின் ஹோம் பதிப்பில், அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனில் சேர முடியாது, குரூப் பாலிசி எடிட்டர் இல்லை, ரிமோட் டெஸ்க்டாப்பில் வெளியிலிருந்து அதற்குள் நுழைய முடியாது. இவர் வீட்டில் இருந்தது ஹோம் பதிப்பு. எதெல்லாம் இல்லையோ அதெல்லாம் கண்ணிலேயே பட்டிருக்கவில்லை. டிஸ்க்பார்ட், எஸ்எஃப்சி, ஜிபிஅப்டேட், நெட்ஸ்டாட் போன்ற கட்டளைகளை வீடியோவில் பார்த்திருந்தார், கையால் தட்டியதில்லை. கோர் 1க்குப் பழைய டெஸ்க்டாப்போடு மாதக்கணக்கில் உட்கார்ந்தவர், கோர் 2க்கு அதற்கு இணையான ஒன்றை அமைத்துக்கொள்ளவே இல்லை. மூன்று காரணங்களில் இதுதான் பெரியது என்பது என் கணிப்பு.

மூன்றாவது நேரம். செய்முறைக் கேள்விகள் பொதுவாக முதலிலேயே வரும். அவற்றில் மாட்டிக்கொண்டு மூன்றில் ஒரு பங்கு நேரத்தைச் செலவழித்துவிட்டார். கடைசியில் பல கேள்விகளை வாசிக்காமலே குறித்திருக்கிறார். குறி போட்டுவிட்டுத் தாண்டிப்போய், மற்றதை முடித்தபின் திரும்பி வரலாம். இது அவருக்குத் தெரியும், ஆனால் முதல் கேள்வியே தெரியாமல் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

செப்டம்பர் 25க்கு முன்

தோற்ற மறுநாள், “விட்டுடலாமா அக்கா? புதுசுல முதல்லேருந்து ஆரம்பிக்கலாமா?” என்று கேட்டார். அப்படிச் செய்தால் பாஸ் ஆன கோர் 1 வீண். மீண்டும் இரண்டு முழுக் கட்டணம்.

விதியை எடுத்துப் பார்த்தோம். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவில் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவதும் போனால், மூன்றாம் முறைக்கு 14 நாள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம். ஆகவே செப்டம்பர் 11க்குப் பிறகு இரண்டாம் முறை எழுதினால் மூன்றாம் வாய்ப்பே கிடையாது. கடைசி நாட்களில் மையத்தில் இடம் கிடைப்பதையும் நம்ப முடியாது. அதனால் செப்டம்பர் முதல் வாரம் என்று முடிவானது. இரண்டு வாரப் படிப்பு, அதன் பிறகும் ஒரு வாய்ப்பு கையில்.

அந்த இரண்டு வாரத்தில் எதையும் புதிதாக வாங்கவில்லை. மடிக்கணினியில், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, மைக்ரோசாஃப்ட் 90 நாள் சோதனைக்குத் தரும் விண்டோஸ் எண்டர்பிரைஸை அதில் நிறுவினார். இரண்டும் இலவசம். பிறகு உடைத்துச் சரிசெய்வதுதான் வேலை: பயனர் கணக்கைப் பூட்டித் திறப்பது, பார்டிஷனை அழித்து உருவாக்குவது, தொடக்க நிரல்களை நிறுத்துவது, ஃபயர்வாலில் ஒரு விதியைப் போட்டு இணைப்பை முடக்கிப் பிறகு ஏன் முடங்கியது என்று தேடுவது. மாலையில் பணி நடைமுறைகள், அறிக்கையில் இருந்த தலைப்புகள் மட்டும். எனக்குப் போன் செய்து, கோபமான வாடிக்கையாளராக நடிக்கச் சொன்னார். நன்றாகவே கோபப்பட்டேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில் எழுதி 741 எடுத்தார். செய்முறைக் கேள்விகளைத் தாண்டிவிட்டு, கடைசியில் திரும்பி வந்து முடித்தேன் என்றார்.

கணக்கு

கட்டியது: கோர் 1க்கு ஒன்று, கோர் 2க்கு இரண்டு, ஆக மூன்று கட்டணம். கூடவே பயிற்சித் தேர்வுத் தொகுப்பின் சிறு தொகை. கோர் 2க்கு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்ததால், பாஸ் ஆன முறைக்கான கட்டணம் திரும்ப வந்தது. தோற்ற முறைக்கு வரவில்லை. கையை விட்டுப் போனது இரண்டு கட்டணம். வரிசை சரியாக இருந்து, கோர் 2உம் ஒரே முறையில் முடிந்திருந்தால், ஏறக்குறைய ஒன்றுமே போயிருக்காது. இரண்டு இழப்பில் ஒன்று படிப்பால் வந்தது, ஒன்று படிப்போடு சம்பந்தமே இல்லாதது.

மறுதேர்வு சேர்ந்த வவுச்சரை வாங்கியிருந்தால் லாபமாக இருந்திருக்குமே என்று பலர் கேட்பார்கள். அது ஒற்றை வவுச்சரைவிட விலை கூடியது, இரண்டு வவுச்சரைவிடக் குறைந்தது. இவருக்கு நடந்ததைப் பார்த்தால், கோர் 2க்கு அது லாபம்தான். ஆனால் வாங்கும்போது நமக்கு முடிவு தெரியாதே. கணக்கு இப்படி: கூடுதலாகக் கேட்கும் தொகை ஒரு கட்டணத்தில் பாதி என்று வைத்துக்கொள்வோம். தோற்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தால்தான் அது சராசரியில் லாபம். தோற்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று ஒருவருக்கே தோன்றினால், அவர் வாங்க வேண்டியது மறுதேர்வு இல்லை, இன்னும் மூன்று வாரம். இரண்டு விதிவிலக்குகளை ஒப்புக்கொள்கிறேன். பதிப்பு மூடும் தேதி போல ஒரு சுவர் எதிரே இருப்பவர், தோற்றால் அடுத்த கட்டணத்தைப் புரட்டவே முடியாது என்ற நிலையில் இருப்பவர். இவர்களுக்குச் சராசரி லாபம் முக்கியமில்லை, வழி அடைபடாமல் இருப்பதுதான் முக்கியம்.

இரண்டு வவுச்சரையும் ஒன்றாக வாங்குவதைப் பற்றி: கட்டணம் ஏறப்போகிறது என்று அறிவிப்பு வந்திருந்தால் தவிர, நான் பரிந்துரைப்பதில்லை. கோர் 1 எழுதிய அனுபவம் கோர் 2 தேதியை எவ்வளவு தள்ளி வைப்பது என்று சொல்லிக்கொடுக்கும். அது தெரியும் முன்பே 12 மாதக் கடிகாரத்தை ஓட விடுவானேன்?

பிறகு

சான்றிதழ் வந்த சில வாரங்களில் அதே அலுவலகத்தில் அவரை ஐடி பிரிவுக்கு மாற்றினார்கள். சான்றிதழால்தான் மாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர் வேலையை எல்லோரும் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். மாற்றத்துக்கான குறிப்பில் எழுதுவதற்கு ஒரு வரி கிடைத்தது, அதற்கு அது உதவியது.

செலவு இங்கே முடிந்துவிடுவதில்லை. 2011க்கு முன் வாங்கிய ஏ பிளஸ் ஆயுளுக்கும் செல்லும். இப்போதையது மூன்று ஆண்டுதான். அதைப் புதுப்பிக்க மூன்று ஆண்டுக்குள் 20 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும், ஆண்டுக் கட்டணமும் உண்டு. இல்லையென்றால் நெட்வொர்க் பிளஸ் அல்லது செக்யூரிட்டி பிளஸ் போன்ற மேல்நிலைச் சான்றிதழ் ஒன்றை எடுத்தால் ஏ பிளஸ் தானாகப் புதுப்பிக்கப்படும். எப்படியும் மேலே படிக்கப்போகிறவருக்கு இந்த இரண்டாவது வழி சிக்கனம், ஏனென்றால் ஒரே கட்டணத்தில் இரண்டு வேலை முடிகிறது. அவர் நெட்வொர்க் பிளஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். சிலபஸை அச்செடுத்துப் பென்சிலில் குறிக்கத் தொடங்கிவிட்டார், பழைய இரண்டு ரூட்டர்களைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். அலுவலகத்தின் எழுத்து அனுமதிக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. அது கைக்கு வந்த பிறகுதான் வவுச்சர்.